இரிடியச் சொம்பு

என் அக்கா புருஷனுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை. "அணுகுண்டு ஆபீஸ்" என்பார். அணு உலைக்குள் வைக்கும் உலோகங்களை மெல்லிய தகடாக்கி, நியூட்ரான்களைப் பாய்ச்சி, எத்தனை விழுங்கப்படுகின்றன, எத்தனை திசைமாறுகின்றன, எத்தனை அப்படியே கடந்துபோகின்றன என்று அளப்பேன். உலை ஓடுவதே நியூட்ரானால்தான். அதைத் தின்றுவிடாத உலோகம்தான் எரிபொருளுக்கு உறையாகும். அதனால் சிர்கோனியத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவேன்.

அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்ட். ராயபுரத்தில் நாலு பேர் மதிக்கும் மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மெட்டலைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னைத் திருவொற்றியூரிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு போனார். எண்ணூரில் சாம்பல் குழாய் போகும் சாலையோரம் ஒரு கோடவுன். உள்ளே அவருடைய கூட்டாளிகள். எல்லாரும் இஸ்திரி போட்ட சட்டைக்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் வேறு. நடுவில் மேஜைமேல் கறுத்துப்போன ஒரு சொம்பு. பக்கத்தில் தலைமுதல் கால்வரை வெள்ளைப் பிளாஸ்டிக் அங்கி மாட்டிய ஒருவன், கையில் பீப் பீப் என்று கத்தும் பெட்டியோடு.

"இரிடியம் மேடம். ரியாக்டருக்குள்ள வெக்கிற மெட்டலு. ஃபாரின்காரன் கோடி கோடியா குட்த்து வாங்கறான். நியூட்ரான் வந்துகினே கீது, பொட்டி கத்துது பாருங்க" என்றான்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. சாதாரணக் கருவியில் அது தெரியாது. அதைப் பிடிக்கப் பெட்டிக்குள் என்ன வாயு அடைத்திருக்கிறாய் என்று கேட்டேன். சிலிண்டர் கேஸ் மாதிரி ஒன்று என்றான். பேங்க் மேனேஜர் தலையாட்டினார்.

மாமாவிடம் பொறுமையாகவே சொன்னேன். இரிடியம் நியூட்ரானை வெறிபிடித்தாற்போல் விழுங்கும். உலைக்குள் போட்டால் உலையே படுத்துவிடும். அதை எவன் ரியாக்டருக்கு வாங்குவான்? தவிர, அது ஈயத்தைப் போல இரண்டு மடங்கு கனம். இவ்வளவு சொல்லிவிட்டு, சொம்பை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினேன். பித்தளை.

கதிர்வீச்சு தாக்கிவிடும் என்று அங்கிக்காரன் அலறிப் பின்வாங்கினான். கனவான்கள் மொத்தமாக வாசலுக்கு ஓடினார்கள்.

"இன்னாமா இப்டி பண்ட்ட? உன்ன நம்பி இட்டாந்தேன்" என்றார் மாமா.

திரும்பும்போது என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டார். வழியெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் உள்ளே வந்து விழுந்தது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"கொஞ்ச நாளைக்கு எங்க வூட்டுக்கு வராதடி. புள்ளைங்க கீதுங்க."

நான் சாதாரணச் சுடிதாரில் போயிருந்தேன். அவனிடம் அங்கி இருந்தது. அங்கியைத்தான் நம்பினார்கள். அதன்பிறகும் ஆளுக்கொரு பங்கு போட்டு அவனிடம் பணம் கொடுத்தார்கள். பெரிய லேப் ஆளையே கூட்டிவருகிறேன் என்று போனவன் வரவில்லை. சொம்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். போலீசுக்குப் போக ஒருவருக்கும் முகமில்லை.

பிறகு தண்டையார்பேட்டையில் ஒரு நிச்சயதார்த்தப் பந்தி. எதிர் வரிசையில் மாமா பக்கத்து இலைக்காரரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொம்பள கை பட்டுச்சு, பவர் பூட்ச்சி."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. என்மேல் பழிபோட்டுத் தப்பிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, மனதார நம்பித்தான் சொல்கிறார். இத்தனை நாள் அவரை வெறும் பேராசைக்காரர் என்று எண்ணி, தகுதிக்கு மேல் மதித்திருக்கிறேன்.