துருசின் சாவி என்னிடம்தான் இருந்தது

குளத்துத் துருசின், அதாவது மதகின், சாவியை வட்டை விதானையாரிடம் கொடுத்துவிட்டுப் போனதாக நான் சொன்னது பொய். சாவி என் காற்சட்டைப் பையில்தான் இருந்தது. நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

வாலிபத்தில் ஏழு வருடம் இராணுவத்தில் இருந்தேன். விலகி வந்ததும் படுவான்கரையில் ஒரு குளத்துக்கு நீர்ப்பாசன மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. துருசுக் கதவைச் சுழற்றித் திறக்கும் சில்லுக்கு அரசாங்கப் பூட்டு உண்டு. சாவி என் பொறுப்பு. எந்த வட்டை வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதை, வயல் செய்யும் கமக்காரர் தெரிந்தெடுத்த விதானையார் பார்த்துக்கொள்வார். நான் ஊரைவிட்டுப் போனால் சாவியை அவர் கையில் கொடுக்க வேண்டும்.

அந்தச் சிறுபோகத்தில், தியத்தலாவையில் பழைய படைத்தோழன் ஒருவனுக்குக் கல்யாணம். லீவு எடுக்காமல் போனேன். அவசரத்தில் சாவியை மறந்தேன். பதுளை பஸ்ஸில் சில்லறை தேடியபோது அது கையில் தட்டுப்பட்டது. இரண்டு நாள்தானே என்று இறங்காமல் இருந்துவிட்டேன். திரும்பி வர ஐந்து நாளாயிற்று.

வாய்க்காலின் கடைசி வட்டை அப்போது கதிர் தள்ளுவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நின்றது. அதற்கு முறைத் தண்ணீர் விடவேண்டிய நாட்கள் அவை. விதானையார் துருசடியிலேயே காவல் இருந்திருக்கிறார். பூட்டை உடைப்போம் என்று இரண்டு பேர் அலவாங்கோடு வந்தபோது, அரசாங்கப் பூட்டில் கைவைக்கக் கூடாது, ஐயா வந்துவிடுவார் என்று மறித்தவரும் அவர்தான். நான் வந்து, என் அலுமாரியில் இருந்த மாற்றுச் சாவி என்று சொல்லித் திறந்தேன். அறுவடையில் அந்த வட்டையில் பாதி பதர்.

கமக்காரர் கூட்டத்தில் கேள்வி வந்தது. சாவி தன்னிடம் இருக்கவில்லை என்று விதானையார் சொன்னார். நான் எழுந்து, "வெள்ளிக்கிழமை உங்களிட்டத்தானே தந்தனான்" என்றேன். சாவியைக் கொண்டுபோனது மேலிடத்துக்குத் தெரிந்தால், லீவில்லாமல் போனதும் வெளிவந்து வேலை போய்விடும் என்ற பயம்.

பின்வரிசையில் ஒருவர், "ஆமியில இருந்த மனிசன் பொய் சொல்லுவாரா? விதானையார் வெறியில எங்கயும் போட்டிருப்பார்" என்றார். சிரித்தார்கள். விதானையார் கள்ளைத் தொடாதவர்.

கூட்ட அறிக்கையில் 'விதானையின் கவனக்குறைவு' என்று எழுதியதும் என் கைதான். வேறொருவரை விதானையாகத் தெரிந்தெடுத்தார்கள். பழைய விதானையார் அதன்பின் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நான் பதவி உயர்ந்து, ஓய்வுபெற்று, புளியந்தீவில் குடியிருக்கிறேன். இடையில் யுத்தம் வந்தது. அதைச் சாட்டாகச் சொல்லி அவரைத் தேடிப் போகாமல் இருந்தேன். முடிந்த பிறகும் போகவில்லை.

போன வருடம்தான், எழுபத்தொன்பது வயதில், பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் பஸ் ஏறிப் போனேன். தலைவரிடம் நேரம் கேட்டு வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிருந்தவர்களில் பாதிப்பேர் அந்தப் போகத்தில் பிறந்திருக்கவே மாட்டார்கள். ஒரு கமக்காரர், "சரி பெரியவர், விளங்கிற்று" என்று சொல்லிவிட்டு, வயலிலிருந்து மாடு அகற்றும் திகதி என்னவென்று தலைவரைக் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் விதானையார் வீட்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. இருக்கச் சொன்னார். வெற்றிலை வட்டா அவர் காலடியில் இருந்தது. என் பக்கம் நகர்த்தவில்லை.

"கூட்டத்தில சொன்னீங்களாம்."

"ஓம் அண்ணன்."

"என்ட பொஞ்சாதி சாகுமட்டும் கேட்டவ, மெய்யாச் சாவி உங்கட கையில இல்லையா எண்டு. அவவுக்கு ஆர் போய்ச் சொல்றது?"

மன்னிப்புக் கேட்டேன். அவர், "வாயால சொன்னது காத்தோட போயிரும். அண்டைக்கு எழுதித்தானே வெச்சீங்க. இதையும் எழுதி வைங்க" என்றார்.

இரண்டு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பழைய அறிக்கைப் புத்தகம் ஒரு வெள்ளத்தில் போய்விட்டதாம். அடுத்த கூட்டத்தில் செயலாளர் என் கடிதத்தை வாசித்துப் புதிய புத்தகத்தில் ஒட்டினார்.

அன்று விதானையார் வந்திருந்தார். மகளோடு ஓட்டோவில் வந்து கடைசி வரிசையில் இருந்தார். கடிதத்தைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் திறக்கும் திகதிக்கு வந்தபோது அவர் கை உயர்த்தினார்.

"கடைசி வட்டைக்குத் தண்ணி போய்ச் சேர ரெண்டு நாள் பிந்தும். அதுக்கேத்த மாதிரிப் போடுங்க."

தலைவர் திகதியை இரண்டு நாள் முந்திப் போட்டார்.

கூட்டம் கலைந்தபோது நாலைந்து கமக்காரர் அவரைச் சுற்றி நின்று வாய்க்காலைப் பற்றி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.