நீலக்கரைச் சால்வை

மாநிலங்களவையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்களின் படத்தை இன்றைய பேப்பரில் போட்டிருந்தார்கள். மூன்று முறை இருந்தவர்களைத் தனியாக எண்ணினேன். எண்ணி முடித்ததும் அந்தச் சால்வை ஞாபகம் வந்துவிட்டது.

எனக்கு அப்போது பத்து வயது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் அப்பாவுக்கு வேலை. அக்காவுக்கு இதயத்தில் ஓட்டை. மாடி ஏறினால் ஆறாவது படியில் மூச்சு வாங்கி நின்றுவிடுவாள். அதையும் எண்ணி வைத்திருந்தேன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சீக்கிரம் இடம் கிடைக்க எம்.பி. கடிதம் வேண்டும் என்றார்கள்.

மாநிலங்களவை எம்.பி. ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபத்துக்கு வந்திருந்தார். மூன்றாம் முறையாக டெல்லியில் இருப்பவர். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டால் அவருக்குப் போதும். எங்கள் ஓட்டு தேவையே இல்லை.

வரிசையில் போய்ச் சால்வை போர்த்தி, கையோடு மனுவைக் கொடுப்பது முறை. போர்த்தியவை மேஜைக்குப் பின்னால் குவியும். வெறுங்கையோடு வந்தவர்களுக்குக் கட்சிக்காரர் ஒருவர் அந்தக் குவியலிலிருந்தே ஒன்றை உருவிச் சத்தமில்லாமல் கொடுப்பார். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்த அப்பாவுக்கும் அப்படித்தான் கொடுத்தார். நான் முன்னால் போய் நின்று, போர்த்துகிற சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் முறை வந்தது. இரண்டு கையாலும் சால்வையை விரித்தார். எம்.பி. குனிந்து கழுத்தைக் கொடுத்தார்.

"இந்த நீலக்கரை மூணாவது தடவையா வருது!" என்று கத்தினேன்.

மண்டபமே சிரித்தது. "எம்புட்டு கெட்டிக்காரன்! யாரு புள்ளைலே நீ?" என்றார் ஒருவர். நான் பெருமையோடு அப்பாவைக் கைகாட்டினேன்.

"சின்னப்பய, அவன் கெடக்கான். நீங்க போத்துங்கண்ணே" என்றார் எம்.பி., குனிந்த கழுத்தை நிமிர்த்தாமல்.

அப்பா போர்த்தவில்லை. சால்வையை நாலாக மடித்து மேஜையில் வைத்தார். "இன்னொரு நாளு வாரேன்யா" என்றார். மனு சட்டைப்பையிலேயே இருந்தது.

பஸ்ஸில் அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை. "மொத்தம் எத்தனைலே?" என்று மட்டும் கேட்டார்.

"ஒங்களச் சேத்தா நாப்பத்தொண்ணுப்பா. சேக்காட்டி நாப்பது."

"சேக்காத" என்றார்.

அப்பா மறுபடி அந்த எம்.பி.யிடம் போகவில்லை. ஆஸ்பத்திரியில் வரிசைப்படி இடம் வந்து அக்காவுக்கு ஆபரேஷன் நடக்கப் பதினோரு மாதம் ஆனது. அதற்குள் அவள் நிற்கும் படி ஆறிலிருந்து ஐந்தாகி, நாலாகி, மூன்றுக்கு இறங்கியது. எண்ணியவன் நான்தான்.

அக்கா பிழைத்துப் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளிடம் இதை இன்றுவரை சொன்னதில்லை.

நான் கண்டுபிடித்ததாக நினைத்தது, அந்த மண்டபத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரே சால்வைக்கு எத்தனையோ ஊரில் குனிந்து பழகியவருக்கு, அது எத்தனையாவது தடவை என்று என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் குனிந்தார். எனக்கு அப்போது எண்ண மட்டும்தான் தெரிந்திருந்தது.