அழ வரவேண்டிய துரை

எங்கள் மட்டுபிட் தீவில் ஆளுயர மீன்கூடு முடைவதில் தோகிலாங்குக்கு நிகரில்லை. மீனை மலைக்காரர்களுக்கு விற்பான். வந்த தபுவில் சேம்பங்கிழங்குக்குப் போக மீதியைச் சுருளில் சேர்ப்பான். முதுகு உடைத்துப் பிரம்புநாரில் கோத்த சின்னஞ்சிறு சிப்பிதான் தபு, எங்கள் பணம். அவன் சுருள் இரண்டு பேர் தூக்கும் கனத்துக்கு வளர்ந்திருந்தது.

உயிரோடு இருப்பவன் தன் சுருளைப் பிரிப்பதில்லை. அவன் செத்ததும் பிணத்தருகே அதை அறுத்து, அழ வந்தவர்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுப்பார்கள். வாங்கியவன் அழுதே ஆகவேண்டும். கொடுக்க ஒன்றுமில்லாதவனின் ஆவி செத்தவர்கள் ஊருக்குள் நுழைய முடியாமல் வெளியே அலையும்.

தோகிலாங்கின் அக்காள் மகன் தோவாரில் என்பவன் ஜெர்மன்காரர் தோட்டத்துக் கங்காணியை அடித்துவிட்டான். அரசாங்கத் துரை அவனைப் பிடித்து அடைத்தார். இரு கை விரித்த நீளம் ஒரு பாகம் என்று நூறு பாகம் தபு கட்டினால் விடுவதாகவும், இல்லையென்றால் வேறு தீவுக்குக் கப்பலேற்றிவிடுவதாகவும் சொல்லியனுப்பினார்.

"பிரிக்காதடா தம்பி" என்றாள் அக்காள் இயாவுனோர், பெற்ற மகன் உள்ளே கிடந்தும். "நாளைக்கு உனக்கு யாருடா அழுவா?"

"அவனைக் கப்பல்ல ஏத்திட்டா என்னைத் தூக்க யாருக்கா இருக்கா?"

அவனோடு மீன்பிடிக்கப் போகிற நானும் சும்மா இருக்கவில்லை. "ஒரு பாகம் கைமாத்து கேட்டாலே உனக்கு வயித்துவலி வந்துரும். இப்ப மொத்தமா தூக்கிக் குடுக்கிறியா?"

"துரை என் சுருள்லருந்து வாங்குறாருல்ல? அப்ப அழ வரணும். தொப்பியைக் கழட்டிட்டு உன் பக்கத்துலதான் உக்காருவாரு. கொஞ்சம் தள்ளி இடம் விடு."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

துரை வீட்டு வாசலில், இருப்பதிலேயே நீளக் கைகள் உள்ள போலீஸ்காரனை விட்டு அளந்தார்கள். நூறு பாகத்துக்குச் சுருள் முழுவதும் போயிற்று; தோவாரிலை விட்டார்கள். தோகிலாங் நிமிர்ந்து நின்று, "நான் செத்தா ஆள் அனுப்புவேன், வந்துருங்க துரை" என்றான். மொழிபெயர்ப்பவன் வாய்க்குள் சிரித்துக்கொண்டு எதையோ சொன்னான். துரை தலையாட்டினார். தோகிலாங்குக்கு அது போதுமாக இருந்தது.

அடுத்த மழையில் நெஞ்சுச்சளி வந்து படுத்தவன் எழவில்லை. மூச்சு இழுக்கும்போதும், "துரைக்குச் சொல்லிட்டீங்களா?" என்றே கேட்டான்.

தோவாரில் படகை எடுத்துக்கொண்டு போனான். வாசலிலேயே காவல்காரன் துப்பாக்கிக் கட்டையால் நெஞ்சில் தள்ளினான். திரும்பும் வழியில் வெள்ளைக்காரன் கடைக்குள் தபுச் சரங்கள் தொங்கின. நுனியில் மீன்கூட்டு முடிச்சு. மாமா போடும் முடிச்சு! கடைக்காரன் அதைக் கொடுத்துத் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்தான்.

தோவாரில் மரம் மரமாக ஏறினான். சுமந்துபோய்க் கொட்டிய தேங்காய்க்கு ஒரு பாகம் கிடைத்தது. கரைக்கு வருமுன் தோகிலாங் போய்விட்டான்.

அந்த ஒரு பாகத்தைப் பிணத்தருகே அறுத்தோம். ஆளுக்கு விரல்நுனி அளவுகூட வரவில்லை. வாங்கியவர்கள் கொஞ்சநேரம் அழுதுவிட்டு எழுந்தார்கள். இயாவுனோர் ஒரு துண்டை என் பக்கத்துப் பாயில் வைத்தாள்.

"யாருக்கும்மா?" என்றான் தோவாரில்.

"துரைக்கு."

"அவரு வரமாட்டாரும்மா."

"உன் மாமன் இடம் விடச் சொன்னான்ல?"

பொழுது சாயும்வரை பிணத்தை எடுக்க விடவில்லை. படகுத்துறையில் யாரும் வந்து இறங்கவில்லை. பிறகு அவளே அந்தப் பாயில் வந்து உட்கார்ந்து, துரையின் பங்கையும் அழுதாள்.