கண் மூடிய பொம்மைகள்

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்கு எதிரே, காபிக் கடை வாசலில் உட்கார்ந்து துணிப் பொம்மைக்கு முகம் தைக்கிறார் நசீமாக்கா. காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் கண் மூடிய பொம்மையை நெஞ்சோடு அணைத்து, அதன் அமைதியில் உருகி, வாங்கிப் போகிறார். தட்டு முழுக்கக் கண் மூடிய பொம்மைகள்தாம்.

"எல்லாமே தியானத்துல இருக்காக்கா?" என்கிறேன்.

"தியானமாவது! தொறந்த கண்ணுன்னா வெள்ளை, கருப்பு, பழுப்புனு மூணு நூலு மாத்தணுங்க. மூடுன கண்ணுக்கு ஒரே கோடு. வேலை கம்மி, கிராக்கி ஜாஸ்தி."

என் மகளுக்குக் கண் திறந்த பொம்மை கேட்கிறேன். பைக்குள் துழாவி ஒன்றை எடுக்கிறார்.

"இது வித்துத் திரும்பி வந்ததுங்க. மௌன விரதம் இருந்த அம்மா ஒருத்தங்க, 'என்னையே மொறைக்குது'னு கத்திட்டுக் குடுத்துட்டுப் போனாங்க."

சிரித்துக்கொண்டே வாங்குகிறேன். பைக்குள் அதைக் குப்புறத்தான் வைக்கிறேன்.