ஜபார் பாய் இடுப்பில் கயிறு இல்லை

ஜபார் பாய் இறந்த செய்தி எனக்கே ஃபோனில் வந்தது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கிறேன். நாங்கள் வேலை பார்க்கும் பெல்ட் செக்ஷனிலிருந்து ஒருவன் கூப்பிட்டு, "அண்ணே, விஷயம் தெரியுமா? பெரிய கட்லாவ அரைஞாண்ல கட்டிக்கினு வுடமாட்டேன்னு இருந்தாராம். மீன் இழுத்து ஏரியில முழுகிட்டாராம்" என்றான். கூட இருந்தவனிடமே கதை சொல்கிறான். அன்று வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவரோடு ஷிப்ட் பார்த்தவர்களே, பாய் அரைஞாண் கட்டுகிறவரே இல்லை. இதுகூடவா உங்களுக்குத் தெரியாது? மீனை இடுப்பில் கட்டிக்கொள்வது லாரி டியூபில் மிதந்து மீன் பிடிக்கிறவர்கள் செய்கிற வேலை. அவர்களைத் திட்டித் திட்டியே பாய்க்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "கயித்த ஒடம்புல கட்டாதீங்கடா" என்பார்.

அவருடையது கயாக். பாண்டிச்சேரியில் பழையதாக வாங்கிய ஒற்றை ஆள் பிளாஸ்டிக் படகு. குவார்ட்டர்ஸ் வாசலில் அதைப் பார்த்து பிளாக்கே சிரித்தது. பெரிய மீன் மாட்டினால் பாய் அவசரப்பட்டுத் தூக்கமாட்டார். படகை இழுத்துக்கொண்டு ஓடட்டும் என்று விடுவார். அது களைத்துச் சாய்ந்த பிறகுதான் செவுள் வழியே கயிறு விட்டு, வாய் வழியே எடுத்து, படகின் பக்கவாட்டில் கட்டுவார். நுனியைச் சுண்டினால் அவிழ்கிற முடிச்சு. மீன் போய்விடும், கயிறு படகோடு தங்கும். ஒருமுறை மீன் திமிறிப் படகு சாயப் பார்த்தது. உடனே சுண்டிவிட்டார். அவ்வளவு பெரிய மீன் போச்சே என்று நான் கத்தினேன். "மீன் இன்னொன்னு வரும்ங்க. நான் போனா வூட்ல என்ன பண்ணுவாங்க?" என்று சிரித்தார்.

அன்று காலையும் நான் கரையில்தான் இருந்தேன். கட்லா மாட்டியதைக் கண்ணால் பார்த்தேன். "கட்டிட்டேங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினார். சற்று நேரத்தில் படகு கரைப் பக்கம் திரும்பியது. பாதியில் நின்றுவிட்டது. டியூப்காரர் ஒருவரும் நானும் போய் இழுத்துவந்தோம். பாய் படகிலேயே சாய்ந்து கிடந்தார், தலைமுடிகூட நனையவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். டீக்கடையில் என்னடாவென்றால் அந்தக் கட்லா நாளுக்கு நாள் எடை கூடுகிறது. என்னைத் தவிர அதைக் கண்டவன் ஒருவன் உண்டா?

இந்தப் பேச்சு அவர் மனைவி காதுவரை போய்விட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்லடக்கம் முடிந்த மறுநாள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: "அண்ணே, ஒரு மீனுக்காகவா எங்கள வுட்டுட்டுப் போனாரு?"

"இல்லம்மா. நாங்க போறப்ப மீனே இல்ல. கயித்துல செதில்தான் ஒட்டிக்கினு இருந்துச்சு. முடிச்ச அவரே சுண்டிவுட்டுட்டாரு. கையில துடுப்பு இருந்துச்சு."



"அப்ப வூட்டுக்கு வரத்தான் பாத்திருக்காரு" என்றார்.

அந்தக் கயிறு என்னிடம் இருக்கிறது. செதிலைக் கழுவவில்லை. இனி எவனாவது மீன் கதையை எடுத்தால், அதைக் கொண்டுவந்து அவன் முன்னால் போடுவேன்.