இருட்டறையில் பச்சை வளையல்

நரம்பணுவின் உட்கரு நாள் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. காலையில் பார்த்தது மாலையில் கொஞ்சம் பெருத்திருக்கும். ஓரமாக ஒதுங்கிக் கிடந்த இழைகள் உள்ளுக்குள்ளேயே இடம் மாறியிருக்கும். வெளிச்சமே இல்லாவிட்டாலும் அது வேளை தவறாமல் மாறுகிறதா என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்காக எலிகளை இரண்டு வாரம் முழு இருட்டில் வைத்திருந்தேன். பிறகு இரண்டு நாள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிலவற்றின் மூளையை எடுக்க வேண்டும். அடைத்து வைத்தது எலிகளை என்று பெயர், மாட்டிக்கொண்டது நான்.

அந்த இரண்டாம் நாள் பகலில்தான் கிள்ளானில் என் தங்கைக்கு வளைகாப்பு. கொமுட்டர் ரயிலில் போய்த் திரும்ப நான்கு மணி நேரம் போதும் என்று மனசு கணக்குப் போட்டது. ரயில் தாமதமானால் எல்லாம் பாழ். போகவில்லை. கோபம் முழுக்க எலிகள் மேல் வந்தது.

எலிக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் கைப்பேசித் திரையில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொண்டுதான் அந்த அறைக்குள் போவோம். என் தாள் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் மாலை சுற்றித் தருவது. கடைக்கார அக்கா சும்மா கொடுத்தது.

நான் உள்ளே இருந்தபோது தங்கை வீடியோவில் கூப்பிட்டாள்.

"அக்கா, பச்சை வளையல் தெரியுதா? நீ மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுல வாங்கிக் கொடுத்ததுலா!"

சிவப்புத் தாள் வழியே பச்சை கறுப்பாகத்தான் தெரிந்தது. நிறைமாதக்காரியின் இரண்டு கை நிறையக் கறுப்பு வளையல். எனக்குப் பொறுக்கவில்லை. தாளை உரித்துவிட்டேன்.

பச்சை! அவள் கையை ஆட்டிச் சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால், கூண்டுகளில் எலிகளின் கண்கள் மினுங்கின.

ஒரு நிமிடம்கூட இருக்காது. யாரும் பார்க்கவில்லை, மறைத்துவிடத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் இனி எந்த உட்கருவைப் பார்த்தாலும், இது எலியின் வேளையா, என் கைப்பேசியின் வெளிச்சமா என்று தெரியப்போவதில்லை. பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, நாட்காட்டியைத் திருப்பினார். புது எலிகள், மறுபடியும் இரண்டு வாரம் இருட்டு, பிறகு இரண்டு நாள் வேலை. அவர் விரல் வைத்த வாரம், தங்கைக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த வாரம்.

மாலையில் தங்கை மறுபடி கூப்பிட்டாள். "பிள்ளை பொறக்கிறப்பவாவது வந்துடுவல்ல, அக்கா?"

"வரேன்" என்றேன். சொல்லும்போதே என் கை சிவப்புத் தாளைத் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தது.