ஊதா விளக்குக்கு எந்தக் கண்ணாடி

அபிராமி பி.எஸ்சி. இயற்பியல் முடித்து மூன்று வருடம் ஆகிறது. பரமக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். அந்தப் படிப்பு எதற்கு ஆகும் என்று அம்மா விஜயராணி ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே அபிராமி தினமும் தன்னைத் தானே கேட்டுக்கொள்வாள். வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் அம்மா செக்கிங் டேபிள், மகள் லேப்.

அந்த வியாழக்கிழமை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டியதாயிற்று. வெளிநாடு போன வெள்ளை டி-ஷர்ட்டுகளில் பாதி அங்கே கடை வெளிச்சத்தில் நீலம் அடிக்கிறதாம், மீதி மங்கலாம். தனித்தனியாக வந்த இரண்டு லாட் துணியைக் கலந்துவிட்டது செக்கிங்தான் என்று முடிவுகட்டி, விஜயராணியைப் பிசிறு வெட்ட உட்கார்த்திவிட்டார்கள். பதினாறு வருடம் துணியைத் தடவியே ஓட்டை கண்டுபிடித்த கையில் ஒரு குட்டிக் கத்தரி.

அபிராமிக்கு ஒரு சந்தேகம். சாயப்பட்டறை ஸ்டிக்கர் பிரிக்காத ரோல் ஒன்றை எடுத்து, நிறம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் விரித்து, புற ஊதா விளக்கைப் போட்டாள். துணியின் நடுவே ஒரு ஒட்டுத் தையல். தையலுக்கு இந்தப் பக்கம் பளீரென நீலம், அந்தப் பக்கம் செத்த வெள்ளை. வெள்ளையைப் பளிச்சிட வைக்கும் வெளுப்பு மருந்து ஒரு பாதியில் ஏறியிருக்கிறது, மறுபாதியில் இல்லை. கலப்பு இங்கே நடக்கவில்லை, வரும்போதே கலந்துதான் வந்திருக்கிறது.

மேனேஜர் சரவணக்குமார் தலையைச் சொறிந்தார். “நீங்க பாத்தது செரிங்க. டையிங்காரரு ஒத்துக்கோணுமில்லீங்க? போட்டோ வேணும். நாலு மணிக்கு மீட்டிங்கு. அதுக்குள்ள வல்லீன்னா, உங்கம்மாவ நிறுத்தற லெட்டர் ரெடியா இருக்குதுங்க.”

போனில் எடுத்தாள். படம் முழுக்க ஊதாப் புகை. பக்கத்து வீட்டுக் கல்யாண போட்டோகிராபர் குணாவைக் கூப்பிட்டாள். அவன் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கேமராவோடு வந்தான். விளக்கைப் போட்டதும் சட்டை சீரியல் பல்பாட்டம் எரிந்தது.

“என்னா அபி, எனக்கே முகூர்த்தம் மாதிரி இருக்கு?”

“அண்ணே, தள்ளி நில்லுங்க. உங்க சட்டை வெளிச்சம் துணி மேல விழுது.”

லென்ஸ் முன்னால் மாட்டக் கைவசம் இரண்டு கண்ணாடி. ஒன்று காலேஜ் பிராஜெக்டுக்கு வாங்கிய கறுப்புக் கண்ணாடி. புற ஊதாவை மட்டும் விடும், மற்ற வெளிச்சத்தையெல்லாம் மறிக்கும். இன்னொன்று குணா லென்ஸில் தூசிக்காக மாட்டியிருந்த தெளிந்த கண்ணாடி. அது புற ஊதாவை மறிக்கும். புற ஊதா விளக்குக்குப் புற ஊதாவை விடும் கண்ணாடிதானே? கறுப்பை மாட்டி எடுத்தாள். படம் ஒரே இருட்டு.

“அமாவாசைய நல்லா எடுத்துருக்க” என்றான் குணா.

அவளுக்கு முகம் சுருங்கியது. விளக்கின் புற ஊதாவைப் படமெடுத்து என்ன ஆகப்போகிறது? அதைத் துணி குடித்துவிட்டு நீலமாகத் திருப்பித் தருகிறது. அந்த நீலம் நம் கண்ணுக்கே தெரிகிறது. நமக்கு வேண்டியது அதுதான். அப்படியானால் புற ஊதாவை மறிக்கும் கண்ணாடிதான் சரி. இதைக்கூட யோசிக்காமல் என்ன படித்தோம்?

தெளிந்த கண்ணாடியில் குணாவின் கைரேகை. டேபிளில் வெட்டு மிச்சமாகக் கிடந்த பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்துவிட்டு க்ளிக்கினாள். ஊதா போயிருந்தது, ஆனால் மேலே நீலமாய் ஒரு மூட்டம். திருப்பூரில் மெஷின், டிபன் பாக்ஸ், பைக் சீட், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் பனியன் வேஸ்ட்தான். இன்னும் அழுத்தித் துடைத்தாள். மூட்டம் கூடியது.

“கண்ணாடி பழசு அபி. விடு, கறுப்பையே மாட்டிப் பாப்போம்.”

மணி மூன்றரை. கறுப்பை எடுக்கக் கை நீண்டது. மறு கையிலிருந்த பனியன் வேஸ்ட் விளக்குக்குக் கீழே போனது. அது குணாவின் சட்டையை விடப் பிரகாசமாக எரிந்தது.

“அய்யோ! வெளுப்பு மருந்து ஏறுன பஞ்சத்தான் இவ்வளவு நேரமும் கண்ணாடில அப்பிக்கிட்டு இருந்தேன்!”

ஒவ்வொரு துணியாக விளக்கில் காட்டினாள். குணாவின் கைக்குட்டை எரிந்தது. அவளுடைய துப்பட்டாவும் சோப்புத்தூள் புண்ணியத்தில் மினுங்கியது. கடைசியில் நிட்டிங்கிலிருந்து வந்த கோராத் துண்டு. சாயமும் மருந்தும் படாத துணி, இருட்டாகவே கிடந்தது. அதனால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டு எடுத்தாள். ஸ்டிக்கர், தையல், இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கம் மங்கல், எல்லாம் கத்தி வைத்து வெட்டினாற்போல.

நாலேகாலுக்குச் சரவணக்குமார் பிசிறு டேபிளுக்கே வந்தார். “விஜயராணியக்கா, ரோல் வரும்போதே அப்படித்தான் வந்திருக்குதுங்க. போட்டோவப் பாத்து டையிங்காரரே ஒத்துக்கிட்டாருங்க. லெட்டரைக் கிழிச்சாச்சு. நீங்க உங்க டேபிளுக்குப் போயிருங்க.”

விஜயராணி நிமிரவில்லை. “இந்தக் கட்டு முடியட்டும் சார். பாதியில விட்டா அதுக்கும் என்னையத்தான் சொல்லுவீக.”

பிறகு மகளைப் பார்த்தாள். “எங்க, அந்தப் படத்தைக் காட்டு.” வெகுநேரம் பார்த்தாள். “நல்லாத்தான்டி படிச்சிருக்க” என்றவள், கத்தரியைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து வைத்தாள்.